அம்மா பட்டறைக்குப் போகாதபோது வார்த்த கற்கள்

அன்புள்ள மகனுக்கு அம்மா சொல்லி எழுதுவது. இங்கே மூன்று பேரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று தெரிந்தால் எங்களுக்கு அதுவே போதும். அப்பாவுக்குப் பட்டறையில் ஓயாத வேலை. பள்ளிக்கூடத்துப் புது அறையைக் கட்டி முடித்தாயிற்று, உன் சிநேகிதனுக்குச் சொன்ன தேதி தவறவில்லை, உன் பேரைக் காப்பாற்றிவிட்டோம்.

அண்ணா, சாயங்காலம் அம்மா சொல்லி நான் எழுதியது இவ்வளவுதான். அதை ஒரு தாளில் எழுதி வாசித்தும் காட்டிவிட்டேன். இப்போது அவர்கள் தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து முதலிலிருந்து எழுதுகிறேன், அம்மா எழுதச் சொன்னதையும் “இதையெல்லாம் எழுதாதடி” என்று சொன்னதையும் சேர்த்து. அப்பா புரண்டு படுத்தால்கூட பேனாவை மூடிவிடுகிறேன். உன்னிடம் பேசலாம் என்றால் போன் அவர் தலைமாட்டில் இருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் பயத்தில் என்று நினைத்துக்கொள், அது உண்மைதான்.

எழுதாதே என்று சொன்னதில் முதலாவது அம்மாவின் கை. கொஞ்ச நாளாகவே கடிதம் என் கையெழுத்தில் வருகிறது, ஏன் என்று நீ கேட்கவில்லை. “உன் எழுத்தும் என்னுது மாதிரியே குண்டு குண்டா இருக்கே, அதான் அவனுக்கு வித்தியாசம் தெரியல” என்று அம்மா உனக்காகச் சமாதானம் சொன்னாள். டிரம்மிலிருந்து அச்சில் ஊற்றும்போது உருகிய பிளாஸ்டிக் வலது கையில் தெறித்துவிட்டது. வெந்நீர் என்றால் வழிந்து போய்விடும், இது தோலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இறுகும். விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை. அவனுக்குத் தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவான் என்று அம்மா நம்புகிறாள். நீ வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும், அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

இந்தத் தொழிலை மூட்டிவிட்டுப் போனவன் நீதான். பையையும் பாட்டிலையும் மணலோடு உருக்கிக் கல்லாக வார்த்தால் செங்கல் தோற்றுப்போகும் என்று சொன்னாய், பொய் இல்லை. அப்பா முதலில் கட்டிய சுற்றுச்சுவரில் ஒரு லாரி பின்பக்கமாக வந்து இடித்தது. விளக்கு உடைந்தது லாரிக்குத்தான். “லாரிதான் அழுதுட்டே போச்சு, நம்ம சுவத்துக்கு ஒரு கீறல் இல்ல” என்று அப்பா தெருவில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். அப்போதெல்லாம் வரும் குப்பையை நறுக்கித் தொட்டித் தண்ணீரில் கொட்டுவார். கல்லுக்கு ஆகும் பிளாஸ்டிக் சாதி மிதக்கும், குழாய்த் துண்டும் ஒயர்த் தோலும் முங்கிவிடும். முங்கியதைத் தூக்கி எறிந்துவிட்டு, மிதந்ததை வெயிலில் நன்றாகக் காயவைத்துத்தான் அடுப்பேற்றுவார். சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டைக் கொளுத்தி முகர்ந்து பார்ப்பார். நல்லது மெழுகுவர்த்தி மாதிரி மணக்கும், ஆகாதது மூக்கைக் குத்தும். அது கலந்துவிட்டால் கல் உள்ளே ஒன்றோடொன்று ஒட்டாமல் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான்.

உனக்குத் தெரியாதது, புகையில் நின்று நின்று அப்பாவின் மூக்கு செத்துவிட்டது. அடுப்பில் பால் கருகி வீடெல்லாம் நாறியபோது பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அம்மா ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். மறுநாளிலிருந்து பட்டறையில் அவர் துண்டைக் கொளுத்தும்போது பக்கத்தில் போய் நின்றுகொள்வாள். ஆகாத துண்டு என்றால் ஒரு இருமல். அவரும் தானே கண்டுபிடித்தவர் மாதிரி அதைத் தூர வீசிவிடுவார். இதைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொண்டதே இல்லையாம். “அவருக்கு மூக்கு போச்சுன்னு நான் வாயால சொல்லணுமா, மனுஷனுக்கு அது ஒண்ணுதான் பெருமை” என்று இன்றைக்குத்தான் அம்மா என்னிடம் சொன்னாள், இதை எழுதாதே என்றும் சொன்னாள்.

பள்ளிக்கூடத்து வேலையை நீ காண்டிராக்டராக இருக்கும் உன் சிநேகிதன் மூலமாகப் பிடித்துக் கொடுத்தாய். போனில் “அப்பா, தேதி மட்டும் தவறக்கூடாது, என் மானம் போயிடும்” என்று சொன்னாய். நான் அப்போது பக்கத்தில்தான் சோறு தின்றுகொண்டிருந்தேன். அப்பா மறுநாளே தொட்டியைக் கவிழ்த்துவிட்டார். கழுவிக் காயவைக்க நேரமில்லை, மூக்கு இருக்க முக்குவது எதற்கு என்றார். அதற்கடுத்துத்தான் அம்மா கையைச் சுட்டுக்கொண்டு வீட்டோடு கிடந்தாள். அந்த அறையின் கல் முழுவதும் அவள் பட்டறைக்குப் போகாதபோது வார்த்தது. விடுமுறை நாளில் ஒருதரம் நான் போய் நின்றேன். அவர் கொளுத்திய துண்டின் நெடியில் கண்ணே எரிந்தது, அம்மா மாதிரி இருமினேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, “சளி பிடிச்சிருந்தா வீட்ல கிட, இங்க வந்து எதுக்கு நிக்கிற” என்றார். அந்தத் துண்டு டிரம்முக்குள் போனது. நான் வாயைத் திறந்து சொல்லவில்லை, அவர் கையில் கிளறுகிற கம்பி இருந்தது.

இப்போது வெயில் படுகிற பக்கத்துச் சுவர் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கிறது. கூரைக் கம்பிகள் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. உன் சிநேகிதனிடம் அப்பா லேசாகக் கேட்டதற்கு, “பிளாஸ்டிக்னா கொஞ்சம் வளையத்தான் செய்யும் மாமா, வளையறது எங்கயாச்சும் உடையுமா” என்று தோளில் தட்டிவிட்டு, அந்தப் பக்கத்துக்கு இன்னொரு கோட் மஞ்சள் பெயிண்ட் அடிக்கச் சொன்னான். நான் அறைக்குப் பின்னால் போய்க் காம்பஸ் முனையால் ஒரு கல்லின் ஓரத்தை நெம்பினேன், வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்தது. நாளைக் காலையில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே மாற்றுகிறார்கள்.

இதை அம்மாவிடம் சொன்னேன் அண்ணா. வெந்த கையில் மருந்து தடவிக்கொண்டே கேட்டாள். பிறகு, “நீ பெரிய வகுப்பு தானே, அந்த ரூம்ல உனக்கென்ன வேலை, நீ அந்தப் பக்கம் போகாத” என்றாள். நம் அம்மாதான், தெருநாய்க்குக்கூட தட்டில் மிச்சம் வைக்கிறவள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் பயம் வந்தது, சுவரைப் பார்த்தபோதுகூட இவ்வளவு வரவில்லை.

உன்னிடம் யோசனை கேட்டு இதை எழுதவில்லை. இது உன் கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். காலையில் மணி அடிக்கும் முன்னால் உரிந்த துண்டைப் பெரிய டீச்சரிடம் கொடுத்து, அம்மாவின் இருமலைப் பற்றியும் சொல்லப்போகிறேன். அப்புறம் இந்த ஊரில் அப்பாவின் கல்லை யாரும் நாய்க்கொட்டில் கட்டக்கூட வாங்கமாட்டார்கள். பெற்ற அப்பனைக் காட்டிக் கொடுத்தவள் என்பார்கள், வீட்டுக்குள்ளேயே சொல்வார்கள். அப்பா கம்பியை எடுப்பாரா, முகத்தைத் திருப்பிக்கொள்வாரா தெரியவில்லை. கம்பியே மேல் என்று தோன்றுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள், வெளியில் வாங்கிச் சாப்பிடுவதைக் குறை, இது அம்மா சொல்லச் சொன்னது. நான் சொல்வது ஒன்றுதான், மறந்துவிடாதே. அப்பா போன் பண்ணுவார். அப்போது “சின்னப் பொண்ணு, ஏதோ உளறிட்டா” என்று சொல்லாதே. அவசரப்படுத்தியது நான்தான் அப்பா என்று சொல். உன் மானத்தில் கொஞ்சம் போகும், போகட்டும்.

எந்தக் குறையும் இல்லாமல், நோய்நொடி அண்டாமல், தலை நிமிர்ந்து நீண்ட நாள் வாழ வேண்டும் என்று அம்மா உன்னை வாழ்த்துகிறாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தையும் நான் மாற்றவில்லை.

இப்படிக்கு
அம்மாவுக்காக எழுதும் உன் தங்கை. அடுத்த கடிதத்தை அம்மா வேறு யாரையாவது எழுதச் சொல்வாள்.