நீர் இறுக்கிய நட்டு

சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவியும் கையில் மண்ணெண்ணெய் மணம் போகவில்லை. குசினியில் தேத்தண்ணீர்க் கோப்பையை வாயருகே கொண்டுபோனபோது முதலில் வந்தது அந்த மணம். அதன் பின்னாலேயே நீர் வந்தீர். "உந்தக் கையோடை கோப்பையைத் தொடாதேங்கோ" என்று சொல்லியிருப்பீர். சொல்ல ஆளில்லாதபடியால் அப்படியே குடித்துவிட்டு வந்து உமக்கு இதை எழுதுகிறேன்.

உம்முடைய மகள் ஜெசிந்தாவுக்கு வருகிற சனிக்கிழமை கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் யாழ்ப்பாணத்திலிருந்து பூப்போட்ட வெள்ளைக் கார் அனுப்புகிறோம் என்றார்கள். இவள் தலையை ஆட்டவே இல்லை. "அம்மா கடைசியா ஆஸ்பத்திரியிலை வைச்சு எனக்குச் சொன்னவ, கோயிலுக்கு எங்கடை காரிலைதான் போறதெண்டு" என்றாள். அப்படியொரு வாக்குக் கொடுத்ததை எனக்கும் ஒருசொல் சொல்லியிருக்கலாம். ஏனென்றால் எங்கள் கார் அப்போது பக்கத்திலிருக்கிற மண்கும்பான் வரைக்கும்கூடப் போகிற நிலையில் இல்லை.

முன்பக்கத்தால் ஒயில் ஒழுகியது. ஒழுகின ஒயில் பெல்ட்டில் பட்டு, பெல்ட் வழுக்கி, ரேடியேற்றர் கொதித்தது. ஒயிலை அடைத்துப் பிடிக்கிற ரப்பர் சீல் தேய்ந்துவிட்டது; அதை மாற்றினால் எல்லாம் சரி. அந்தச் சீல் இருப்பதோ பெல்ட் சுற்றுகிற கிராங் புல்லிக்குப் பின்னால். புல்லியைப் பிடித்து வைத்திருப்பது முன்னாலுள்ள அந்தப் பெரிய நட்டு. இஞ்சினைச் சுழற்றி எழுப்ப நீர் ஹான்டிலைச் செருகும்போது அதன் நுனி போய்க் கவ்வுமே, அதேதான். அது அசையமாட்டேன் என்று நின்றது.

பட்டணத்துக் கராச்சிலிருந்து வந்த பெடியன் குனிந்து பார்த்துவிட்டு, "உப்புக்காத்து ஐயா. இரும்பு கறள் பிடிச்சு ஒட்டியிட்டுது. வெட்டித்தான் எடுக்கவேணும். வெட்டினால் கிராங்குக்கும் சேதம் வரும், வேறை இஞ்சின் இருத்துவம்" என்றான். வேறு இஞ்சின் வந்தால் ஹான்டில் போடும் துளைக்கு என்ன வேலை? அவனுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, நட்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அந்தத் துளையை வெறும் துளையாகப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஏலாது.

ஹான்டில் உம்முடைய கைக்குப் போனது எப்படியென்று நினைவிருக்கிறதா? கலியாணம் முடித்த புதிதில் நான்தான் சுழற்றினேன். பெருவிரலை மடக்கிப் பிடித்துச் சுழற்ற, இஞ்சின் திருப்பி உதைத்து மணிக்கட்டை உடைத்தது. கை கோணலாகப் பொருந்தியது. "இனி நீங்கள் உள்ளுக்கை இருங்கோ" என்று நீர் முன்னால் போய் நின்றீர். சண்டையில் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் இருந்த நாட்களில் பெற்றோலும் இல்லை, பற்றரியும் இல்லை. இருமல் மருந்துப் போத்தலில் ஒளித்து வைத்த பெற்றோலில் நாலு சொட்டைக் காபரேற்றருக்குள் விடுவீர். பிறகு ஹான்டில். இஞ்சின் பிடித்துக்கொண்டதும் மண்ணெண்ணெயில் ஓடும். கோயிலுக்குப் போனால் பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். "மாதாவுக்கு விளக்கு மணம் பழக்கம்தானே" என்று நீர் முட்டாக்கைச் சரிசெய்துகொண்டு முழந்தாளிடுவீர்.

ஊருக்குத் திரும்பியபின் நயினாதீவுத் திருவிழாவுக்குப் போகிறவர்களை இறங்குதுறைக்கு ஏற்றி இறக்கினோமே, அந்தப் புளியங்கூடல் பெரியவரை மறந்திருக்கமாட்டீர். பெண்பிள்ளை வெயிலில் ஹான்டில் சுழற்ற, தான் உள்ளே சாய்ந்திருப்பது அவருக்கு ஒவ்வவில்லை. கார் நின்ற இடமெல்லாம் இறங்கி உமக்குக் குடை பிடிப்பார். "ஐயா, குடை முகத்திலை இடிக்குது" என்பீர். அவர் விடமாட்டார். நான் உள்ளே இருந்து சிரிப்பேன். அதற்கு இரவு எனக்கு ஏச்சுக் கிடைக்கும்.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். செய்தி கேட்டு உம்முடைய அண்ணை சூசை வந்தார். ஆயுள் முழுக்க வள்ளத்து இஞ்சினோடு மல்லுக்கட்டியவர். நட்டைப் பார்த்ததும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "மச்சான், உது எதிர்ப்புரி. என்ரை வள்ளத்து இஞ்சினிலையும் உப்பிடித்தான். மற்றப் பக்கமாய் இழுக்கவேணும்." நான் வாயைத் திறக்குமுன் ஸ்பானரில் நீளக் குழாயைச் செருகித் தொங்கினார். நட்டு கொஞ்சம் நகர்ந்தது. "பாத்தீரோ!" என்று துள்ளினார். நகர்ந்தது இன்னும் இறுகுவதற்காக என்று விளங்கியபோது அவருடைய முகத்தை நீர் பார்த்திருக்கவேண்டும். வியாழக்கிழமையும் ஆகிவிட்டது. மனுசன் முற்றத்துக் கதிரையில் குந்திக்கொண்டு, "வெள்ளைக் காருக்குச் சொல்லுவம் மச்சான்" என்றார். எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

ஜெசிந்தா கையில் மருதோன்றி வைப்பதற்காக யாரோ வந்திருந்தார்கள். அவர்களை விறாந்தையில் இருத்திவிட்டு இவள் காருக்கு வந்தாள். நானும் சூசையும் கடைசி முறையாகக் குழாயைப் பிடித்து மெல்ல மெல்லப் பாரம் கொடுப்பதைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"அப்பா, அம்மா ஒருநாளும் ஹான்டிலைத் தள்ளினவவே? சொடுக்குறவ."

உண்மைதானே. ஹான்டிலை இறுகும் இடம்வரை மெதுவாகக் கொண்டுவந்து, மூச்சைப் பிடித்து, மேல்நோக்கி ஒரே சொடுக்கு. பலசாலிகள் வேர்த்து விறுவிறுக்கத் தள்ளியும் எழும்பாத இஞ்சின் உமக்கு எழும்பும். குழாயைக் கழற்றி எறிந்தேன். காரைக் கியரில் போட்டு, சில்லுகளுக்குக் கல் வைத்து, சூசையைப் பிரேக்கில் கால் வைக்கச் சொன்னேன். சரியான பக்கமாக ஸ்பானரைப் பொருத்திப் பிடித்தேன். உம்முடைய மகள் பெரிய சுத்தியலால் ஸ்பானரின் நுனியில் அடித்தாள். அமுக்கி அல்ல, படாரென்று. ஒன்று. இன்னொன்று. மூன்றாவதில் சத்தம் மாறியது. நட்டு கழன்றுவிட்டது.

கையில் எடுத்துப் பார்த்தேன். புரியில் ஒரு பொட்டுக் கறள் இல்லை; ஒயிலில் ஊறிப் பளபளவென்று இருந்தது. உப்புக்காற்றின் மேல் வீண் பழி போட்டிருக்கிறோம். ஹான்டில் சுழல்வதும் நட்டு இறுகுவதும் ஒரே பக்கமாகத்தானே? நீர் சுழற்றிய ஒவ்வொரு காலையிலும் அது கொஞ்சம் கொஞ்சமாக இறுகியிருக்கிறது. கராச்சுப் பெடியனும் உம்முடைய அண்ணையும் நானும் இவ்வளவு நாளாக மல்லுக்கட்டியது உம்முடைய கையோடு. எனக்கு அழுகை வந்துவிட்டது. சூசை என்னைப் பாராததுபோல் பிரேக்கிலேயே இருந்தார், பாவம்.

பிறகு புல்லி அடம்பிடிக்கவில்லை. இரண்டு பக்கமும் மாறிமாறி நெம்ப, வந்துவிட்டது. புதுச் சீல் போட்டு எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினோம். "எவ்வளவு இறுக்கிறது அப்பா?" என்று கேட்டாள். அளவாக இறுக்கு, மிச்சம் தானாக இறுகும் என்றேன்.

பற்றரி புதிது. ஆனாலும் அவள் ஹான்டிலைத்தான் எடுத்துக்கொண்டு முன்னால் போனாள். நான் உள்ளே என்னுடைய இடத்தில் இருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் குனிந்து நின்றவளின் பெருவிரலைப் பார்த்தேன். மடக்காமல் மற்ற விரல்களோடு சேர்த்து வைத்திருந்தாள். அதை அவளுக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை. "அப்பா, இப்ப!" என்றாள். எந்தக் கணத்தில் அக்சிலேற்றரை மிதிக்கவேண்டும் என்று என் காலுக்கு இன்னும் தெரிந்திருந்தது. இத்தனை வருடம் நீர் முன்னால் நிற்க, நான் உள்ளே இருந்து படித்த ஒரே வித்தை அதுதான்.

இஞ்சின் பிடித்துக்கொண்டது. கீழே ஒரு சொட்டு ஒயில் இல்லை. சனிக்கிழமை உம்முடைய வாக்குப்படியே கோயிலுக்குப் போகிறோம். அந்த நட்டும் இன்றையிலிருந்து அவளுடைய கையால் இறுகத் தொடங்கியிருக்கிறது.