தங்கை செய்த ஹார்ன்

மார்ச் 3

தங்கையின் ஹார்ன் ஆன்டெனாவை, ரேடியோ அலையைப் பாய்ச்சும் அந்தக் கூம்பை, இன்று எடை போட்டார்கள். முந்நூறு கிராம். என்னுடையது ஒன்றரைக் கிலோ. ஃபோமில் கூம்பு வெட்டிச் செப்புத் தாள் ஒட்டியிருக்கிறாள், அவ்வளவுதான்! மேனேஜர் அதை ஒற்றை விரலில் நிறுத்தி, "அடேங்கப்பா, காத்தா இருக்கே" என்றார். ஆய்வகமே கூடி நின்று பல்லிளித்தது. அலுமினியத்தை ராவி ராவி என் கை காய்த்துப்போனதை எவர் பார்த்தார்?

டிரோனில் ஒன்றுதான் ஏறும். எது என்று வெள்ளிக்கிழமை முடிவு. அவளை இந்த வேலைக்குச் சொல்லிச் சேர்த்துவிட்டதே நான்தான். என் வாயைத் தைத்திருக்க வேண்டும்.

மார்ச் 4

வயிறு எரிகிறது. வேறென்ன எழுத.

மார்ச் 5

அளந்தார்கள். நினைத்தேன், அப்படியே ஆயிற்று! கீழ் அலைவரிசையில் அவளுடையது அருமை. மேல் அலைவரிசைக்குப் போகப் போக, நேர் எதிரே பாய வேண்டிய அலை நடுவில் பள்ளமாகி இரண்டாகப் பிளக்கிறது. என்னுடையதில் அந்தப் பேச்சே இல்லை. கேன்டீனில் இரண்டு காபி குடித்தேன். அவள் முகம் சுண்டிவிட்டது. பாவமாக இருந்ததா? இல்லை. கொஞ்சம். இல்லை.

மார்ச் 6

"அக்கா, எங்க தப்புன்னே புரியல. நீ கொஞ்சம் பாரேன்."

பார்த்ததுமே தெரிந்தது. கேபிள் மாட்டும் இடத்தில் ஸ்குரூவை வெறி பிடித்தாற்போல் முறுக்கியிருக்கிறாள். ஃபோம் அமுங்கி, உள்ளே எதிரெதிராக நிற்கும் இரண்டு முகடுகளும் நெருங்கிவிட்டன. அந்த இடைவெளி மயிரிழை மாறினாலும் மேல் அலைவரிசை போச்சு.

"தெரியலடி" என்றிருக்கலாம். நாளைக்கு முடிவு! ஆனால் சுற்றிலும் நாலு பேர் விழித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரிகிறது — காட்டிக்கொள்ளாமல் இருக்க முடியுமா என்னால்?

"தண்ணிக் குழாயாடி இது, இப்படி முறுக்கி வச்சிருக்கே? அடியில ஒரு பிளாஸ்டிக் தகடு குடு. விரலால திருகினாலே போதும்."

எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். அந்தப் பெருமை வீடு வரும்வரைதான் தாங்கியது. மண்டு. நான் ஒரு மண்டு.

மார்ச் 7

அவளுடையதுதான் போகிறது. கூட்டத்தில் எழுந்து, "சரி பண்ணிக் குடுத்ததே அக்காதான்" என்று வேறு சொன்னாள். எனக்குக் கைதட்டினார்கள். நான் தோற்றதற்கு! அவளாவது கொஞ்சம் திமிராக இருந்திருக்கலாம். திட்டக்கூட வழியில்லை.

மார்ச் 19

டிரோன் மேலே ஏறியது. கீழே திரையின் முன் நாங்கள். மேல் அலைவரிசை நெருங்க நெருங்க அவள் கையைப் பிடித்து நசுக்கினேன். சிக்னல் கோடு சரியவில்லை. கடைசிவரை சரியவே இல்லை. அவளைக் கட்டிப்பிடித்து, "பாருடி, பாருடி!" என்று கத்தினேன், அவள் அழுதாள், நானும்தான்.

பிறகுதான் உறைத்தது, நான் பொறாமைப்பட வேண்டியவள் ஆயிற்றே என்று. வீட்டுக்கு வந்து பட்டுக்கொண்டேன். கொஞ்சமாக.