குவாரிப் பாதையில் பொங்கல்

செவ்வாய் இரவு, கீரனூர்.

குவாரி வெடியில் ஊர்ச் சுவரெல்லாம் விரிசல் விடுவதை எதிர்த்து இயக்கம் தொடங்கியவன் நான். மனு, துண்டறிக்கை, கருத்தரங்கம் என்று அலைந்தேன். ஒரு லாரிகூட நிற்கவில்லை. "ஒங்க தமிழ் யாருக்கும் புரியலை சார்" என்று சொல்லி என்னை வெளியேற்றியவன் இயக்கத்தின் செயலாளர் சண்முகம். மறக்கவில்லை.

இப்போது இயக்கம் பெண்கள் கையில். இன்று காலை லாரிப் பாதையின் நடுவில் கல் கூட்டி, அய்யனாருக்குப் பொங்கல் பானை ஏற்றிவிட்டார்கள். இதுவா போராட்டம் என்று ஓரமாக நின்று ஏளனமாகப் பார்த்தேன்.

சாமிப் பானைமீது எந்த டிரைவர் வண்டியை ஏற்றுவான்? லாரிகள் வரிசையாக நின்றன.

"பொங்கிருச்சாக்கா?" என்றான் முதல் லாரிக்காரன்.

"எங்கிட்டுப் பொங்குறது? ஈர வெறகுப்பா" என்றாள் அடுப்பைக் கவனித்துக்கொண்டிருந்த செல்லாயி, எரிந்துகொண்டிருந்த கட்டையை வெளியே இழுத்தபடியே.

சாயங்காலம்வரை பொங்கவில்லை. லாரிகள் காலியாகத் திரும்பிய பிறகுதான் பொங்கியது.

"சார், ஆரம்பிச்சது நீங்கதான. மொதக் கை அரிசி போடுங்க" என்றாள் செல்லாயி. போட்டேன்.

பொங்கல் வாங்கும் வரிசையில் சண்முகம் கடைசி. அவன் இலையில் விழுந்தது அடிப்பிடித்த பொங்கல்.

இன்று நன்றாகத் தூக்கம் வரும்.