பச்சை பெயின்ட் அடித்த அடிபம்பு

கீழ்க்கட்டளை, 12.5.1988

அன்புள்ள அப்பாவுக்கு ரத்தினபாய் எழுதுவது. கர்த்தர் கிருபையால் சுகம். உங்கள் முட்டுவலி தேவலையா?

வெளிநாட்டு நன்கொடையாளர்கள் வந்தார்கள். அதற்காக எங்கள் தொண்டு நிறுவன டைரக்டர், ஆறு மாதமாகக் கெட்டுக்கிடக்கும் எங்கள் தெரு அடிபம்புக்குப் பச்சை பெயின்ட் மட்டும் அடித்தார். போன வருஷம் நிறுவனம் கொடுத்த ‘இளம் தலைவி’ பட்டத்தைச் சொல்லி என்னை அதன் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். எதிர்வீட்டுக் கனகவல்லி அக்கா காலிக் குடத்தை நங்கென்று வைத்தாள்.

“இன்னா லீடரம்மா, பெயின்ட் அடிச்சா தண்ணி வந்துடுமா? நீயே அடி, பாக்கலாம்!”

அடித்தேன். காற்றுதான் வந்தது. “ஸ்மைல் பண்ணும்மா,” என்றார் டைரக்டர். அந்த மனுஷன் மூஞ்சியில் குடத்தை எறியாதது உங்கள் வளர்ப்பு.

உள்ளங்கையில் ஒட்டிய பச்சை போகவில்லை, அவ்வளவுதான், கவலைப்படாதீர்கள். அம்மாவிடம் சொல்லி நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்புங்கள். தனியாகச் சாப்பிட எதுவும் இறங்கவில்லை.

தபாலுக்கு நேரமாகிறது. இனி கவரில் என் பெயருக்கு முன்னால் ‘இளம் தலைவி’ என்று எழுதாதீர்கள் அப்பா. தபால்காரர் அதைச் சத்தமாக வாசிக்கிறார். கனகவல்லி அக்கா குடத்தோடு வாசலுக்கு வந்துவிடுகிறாள்.