இடுப்புக்கு ஏற்ற குதிரை

அன்புள்ளவருக்கு,

மாத்திரைகளை வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? அத்தையின் கால்வீக்கம் வடிந்ததா? நான் நலமாகவே இருக்கிறேன். பதறாமல் படியுங்கள்: சனிக்கிழமை குதிரை ஏறினேன்!

முதுகில் டிஸ்க் விலகியதிலிருந்து சேர்ந்தாற்போல் இருபது நிமிடம் உட்கார முடியவில்லை. இப்படியே போனால் வேலையை விட வேண்டியதுதான். குதிரைச் சவாரியில் இடுப்புத் தசை வலுப்படும் என்றார் டாக்டர். நான் நம்பவில்லை. ஆனாலும் குதிரை இனங்களை வரிசையாக எழுதி மதிப்பெண் போட்டேன். சோபா வாங்குவதுபோல் முதுகின் அகலத்துக்கு அதிக மதிப்பெண் கொடுத்ததில், வண்டி இழுக்கும் கனத்த இனம் முதலிடம் பெற்றது.

சனிக்கிழமை லாயத்துக்குப் போனதும், லாயக்காரம்மா என் தாளைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏம்மா, பெரிய படிப்பு படிச்சவங்கதானே? அவ்வளவு அகலத்துல காலை விரிச்சு உக்காந்தா உங்க இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

குட்டையான ஐஸ்லாந்துக் குதிரை ஒன்றைக் கொண்டுவந்தார். "வேகமாப் போனாலும் இது குலுக்காது. கையில டீ வச்சிருந்தாக்கூடச் சிந்தாது."

வியாபாரப் பேச்சு என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். முதலில் மெல்ல நடந்தது. பிறகு அவர் கையில் பிடித்திருந்த கயிற்றை நீளமாக விட்டுக் குதிரையை வேகமாக்கினார். குலுங்கவே இல்லை! இறங்கியபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. என் கடிகாரத்தை நம்பாமல் அவரிடமும் கேட்டேன்.

"நாப்பதேதான். எறங்க மனசு வரலியோ?"

அலமாரியில் இருக்கும் என் இடுப்புப் பட்டையை அனுப்புங்கள். உங்கள் பழைய கம்பளிச் சட்டையும் வேண்டும். இங்கே கடையில் புதிதாகவே கிடைக்கும், இருந்தாலும் அனுப்புங்கள். அடுத்த சவாரி வகுப்புக்குப் போகப் பேருந்து வந்துவிடும், ஓடுகிறேன்.

உங்கள்
குதிரைக்காரி