என் தம்பியிடம் நம்பர் கேட்பதை நிறுத்தக் கோரி

அனுப்புநர்:
புனிதா த/பெ வேலாயுதம்,
பல் கிளினிக் பதிவு முகப்புப் பணியாளர்,
சிலிபின், ஈப்போ.

பெறுநர்:
சிறப்பு அதிகாரி அவர்கள்,
இந்தியர் நல்வாழ்வுப் பிரிவு,
ஈப்போ, பேராக்.

பொருள்: மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை பெற்றுவரும் என் தம்பி தனேஷை (வயது 27) கோயில் திருவிழாவில் அருள்வாக்குச் சொல்ல உட்கார வைப்பதைத் தடுக்கவும், 18.7.2025 அன்று அவன் வீடு திரும்பும் முன் உதவி கிடைக்கச் செய்யவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த விஷயத்தை ஏற்கெனவே மலாயில் எழுதி வேறோர் அலுவலகத்தில் கொடுத்தேன். அவர்கள் தந்த பாரத்தில் ‘புகாரின் வகை’ என்ற இடத்தில் சாக்கடை, தெருவிளக்கு, குப்பை, நாய்த்தொல்லை, மற்றவை என்று ஐந்து கட்டங்கள் இருந்தன. நான் ‘மற்றவை’யில்தான் கோடு போட்டேன். பத்து நாள் கழித்து என் தாயார் வீட்டு வாசலில் நாய் பிடிக்கும் வண்டி வந்து நின்றது. ஆகவே இம்முறை பாரம் எதுவும் இல்லாமல், எனக்கு முழுதாக எழுத வரும் மொழியில் எழுதுகிறேன். சற்று நீளமாக இருக்கும், பொறுத்தருள வேண்டும்.

1. என் தாயார் கருப்பம்மாளும் தம்பி தனேஷும் தாப்பாவுக்கு அருகே, பழைய ரப்பர் தோட்டம் இருந்த இடத்தில் எழுந்த தாமான் என்னும் வீடமைப்புப் பகுதியில் குடியிருக்கிறார்கள். தோட்டம் போய்விட்டது. முனியாண்டி கோயில் மட்டும் தாமானின் ஓரத்தில் அப்படியே இருக்கிறது. தம்பி மலையிலிருந்து காய்கறி இறக்கும் லாரியில் கிளீனராக வேலை செய்தான். முட்டைக்கோஸ் கூடையைத் தோளில் போட்டுக்கொண்டு பாட்டுப் பாடுகிறவன். 2021ஆம் ஆண்டுக் கடைசியில் வேலையை விட்டான். வீட்டின் மேலுள்ள தண்ணீர்த் தொட்டிக்குள் இரண்டு பேர் உட்கார்ந்துகொண்டு தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றான். குளிப்பதில்லை, தூங்குவதில்லை. அண்டை வீட்டார் பிள்ளைகளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இரண்டு மாதம் எங்கள் வீட்டுப் படியை ஒருவரும் மிதிக்கவில்லை.

2. 2022 பிப்ரவரியில் ஒரு நாள் தம்பி கோயில் முன் நின்றுகொண்டு நான்கு எண்களை ஒரே மூச்சாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். அங்கிருந்த யாரோ அதை நம்பர் கடையில் எழுதினார்கள். புதன்கிழமைக் குலுக்கலில் அது அடித்துவிட்டது. ஐயா, எங்கள் பக்கத்தில் லாரி மோதினால் முதலில் லாரியின் எண்ணைக் குறித்துக்கொள்வார்கள், பிறகுதான் உள்ளே இருப்பவனை இழுப்பார்கள். அப்படிப்பட்டவர்களிடம் பேசும் நம்பர் ஒன்று கிடைத்தால் விடுவார்களா? மறுவாரமே கோயில் தலைவர் திரு. மாயாண்டி அவர்கள் என் தம்பிக்கு முனியாண்டி இறங்கியிருப்பதாக அறிவித்தார். கதவைச் சாத்தியவர்கள் சீப்புச் சீப்பாக வாழைப்பழத்தோடு வந்தார்கள்.

3. அதன்பின் புதன், சனி, ஞாயிறு ஆகிய குலுக்கல் நாட்களில் தம்பியைக் கோயிலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். திரு. மாயாண்டியின் தந்தை தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் தண்டலாக இருந்தவர். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் அவர் ஆட்களை நிறுத்தியது போலவே மகனும் வரிசை பிடித்து ஆட்களை நிறுத்தினார். ஒவ்வொருவரும் காகிதமும் பேனாவுமாக நின்றார்கள். சுருட்டும் பீரும் கொடுத்தார்கள். என்னை உறைய வைத்தது இதுவல்ல. தூக்கம் கெட்டால் தம்பி அதிகம் பேசுகிறான் என்பதை அவர்கள் நாளடைவில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதனால் குலுக்கலுக்கு முந்திய நாள் அவன் கண்ணை மூடாதபடி முறை போட்டுக்கொண்டு கோப்பி கொடுத்து எழுப்பி வைத்திருக்கிறார்கள். யார் எப்போது உட்கார வேண்டும் என்ற பட்டியல் கோயில் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். திருவிழா வேலைப் பங்கீடு என்றுதான் முதலில் நினைத்தேன்.

4. தாயார் ஏன் தடுக்கவில்லை என்று தாங்கள் கேட்கலாம். நானும் கத்தினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “பைத்தியம்னா ஒரு நாய் வராது. சாமின்னா எல்லாரும் வாராங்க, மரியாதையா பேசுறாங்க. நீ ஈப்போல இருக்க, உனக்கு என்ன தெரியும்.” மனநோய் என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் சனம் ஓடுகிறது. சாமி என்றால் கையெடுத்துக் கும்பிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் ‘இது ஒரு நோய், மருந்து இருக்கிறது’ என்று சொல்ல அந்தத் தாமானுக்கு இன்றுவரை ஒருவரும் வந்ததில்லை. டிங்கிக் கொசுவுக்குப் புகை அடிக்க மட்டும் மாதம் தவறாமல் வருகிறார்கள்.

5. 2023 நவம்பரில் நான் அவனைப் பிடிவாதமாக அரசாங்க கிளினிக்கிற்கு அழைத்துச் சென்றேன். அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். இந்நோயைக் காட்டும் இரத்தப் பரிசோதனையோ படமோ கிடையாது, வீட்டார் சொல்லும் விவரத்தை வைத்துத்தான் பாதி கண்டுபிடிக்கிறோம் என்று டாக்டர் சொன்னார். மனச்சிதைவு நோய் என்று எழுதினார். காதில் விழும் குரல்கள் அவனுக்கு நிஜமாகவே கேட்கின்றன, அவன் நடிக்கவில்லை, யாரும் ஏவி விடவுமில்லை, மூளையின் வேலையில் ஏற்படும் கோளாறு என்று தமிழ் நர்ஸ் மிஸ்ஸி பமேலா அவர்கள் என் தாயாரின் கையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக விளக்கினார். மாத்திரை தொடங்கி ஆறு வாரத்தில் தம்பி தூங்கினான். தானே சவரம் செய்துகொண்டான். பழைய லாரி முதலாளியிடம் போய் வேலை கேட்கப்போவதாக எனக்குப் போன் செய்தான்.

6. அந்த ஆறு வாரத்தில் அவன் நம்பர் சொல்லவில்லை. மாத்திரை சாமியின் வாயைக் கட்டிவிட்டது என்று கோயில் குழுவினர் முடிவு செய்தார்கள். 2024 ஜனவரியில் திரு. மாயாண்டி வீட்டுக்கு வந்து, மாத்திரை, சாமி இரண்டையும் வைத்துக்கொண்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று தாயாரிடம் சொல்லியிருக்கிறார். தாயார் பயந்து மாத்திரைகளை ரோஜாச் செடியின் தொட்டியில் புதைத்தார். மாதாமாதம் கிளினிக்கிற்குப் போய் மருந்து வாங்கி வந்து, மாதாமாதம் புதைத்திருக்கிறார். கிளினிக்கின் பதிவேட்டில் என் தம்பி ஒரு நாளும் மருந்து தவறாத நோயாளி. பல் கிளினிக்காக இருந்தாலும் பதிவு முகப்பில் பதினான்கு வருடம் உட்கார்ந்தவள் நான். அட்டையில் முத்திரை விழுந்தால் எல்லாம் சரியென்று நம்புகிறவள். அதே முத்திரையைப் பார்த்து நானும் ஏமாந்தேன்.

7. மருந்து நின்றதும் குரல்கள் திரும்பின, அவனை மறுபடியும் நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். இவ்வருடம் தொடர்ந்து ஐந்து மாதம் அவன் சொன்ன எந்த நம்பரும் அடிக்கவில்லை. முனியாண்டி இறங்கிப் போய்விட்டார், அந்த இடத்தில் கெட்டது ஒன்று ஏறிக்கொண்டது என்று பேச்சு கிளம்பியது. 15.6.2025 ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, தெரு நிறைய ஆட்கள் இருக்க, அவனைக் கோயில் மரத்தில் கட்டி, வேப்பங்குச்சியாலும் பிறகு பிரம்பாலும் அடித்து அதை ஓட்ட முயன்றார்கள். மிளகாயைப் புகைத்து முகத்தில் காட்டினார்கள். தோள்பட்டைக்கு மேலுள்ள எலும்பு முறிந்தது. அடித்தவர்களில் மூன்று பேர் அவனோடு தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தபோது, கோயில் சமாச்சாரம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எலும்பை எப்படிப் பேசித் தீர்ப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

8. மருத்துவமனையில் முதலில் எலும்புக்கும் பிறகு மனநலப் பிரிவிலும் சிகிச்சை நடந்தது. இப்போது மாத்திரைக்குப் பதில் மாதம் ஒரு ஊசி. ஜூலை 2ஆம் தேதி திரு. மாயாண்டியின் மனைவி எனக்குப் போன் செய்தார். மனம் கேட்கவில்லை, பிள்ளையை வந்து பார்க்க வேண்டும், எந்த வார்டு, எத்தனையாவது கட்டில் என்று அழுதுகொண்டே கேட்டார். நல்ல மனது வந்துவிட்டதே என்று நினைத்து, பன்னிரண்டாவது வார்டு, ஏழாவது கட்டில் என்று சொன்னேன். யாரும் வந்து பார்க்கவில்லை. 5ஆம் தேதி சனிக்கிழமைக் குலுக்கலில் 1207 ஆறுதல் பரிசாக விழுந்தது. தாமானில் பாதிப் பேர் அந்த நம்பரை வாங்கியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அடிபட்டுக் கிடக்கிறவனின் கட்டிலைக் கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை.

9. மறுநாளே திருவிழா நோட்டீஸ் அச்சாகிவிட்டது. ஒரு பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன். வரும் 20ஆம் தேதி ஞாயிறு, அன்னதானத்துக்குப் பிறகு, ‘அருள்வாக்கு: தனேஷ் சுவாமிகள்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். படம் கூடப் போட்டிருக்கிறார்கள். லாரியின் முன்னால் நின்று எடுத்த பழைய படம், லாரியை மட்டும் வெட்டிவிட்டார்கள். 18ஆம் தேதி அவன் வீடு திரும்பும்போது தாமான் முனையிலிருந்து மேளத்தோடு அழைத்துவரப் போவதாகத் தாயாரிடம் சொல்லியிருக்கிறார்கள். மரத்தில் கட்டியதற்காக ஒருவர் கூட வருத்தம் தெரிவிக்கவில்லை.

10. 7ஆம் தேதி திங்கட்கிழமை வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். தம்பி சட்டைப் பொத்தான் எல்லாம் ஒழுங்காகப் போட்டு, ஒரு கையைக் கழுத்தில் கட்டிய தூளியில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். நான் பைக்குள் கைவிட்டுப் பேனா எடுத்தேன், வருகையாளர் பாரத்தில் கையெழுத்துப் போடுவதற்காக. அவன் பேனாவைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: “அக்கா, தலைக்குள்ள இப்ப யாரும் பேசல. அதனால நம்பர் ஒண்ணும் இல்லலா. கோவிச்சுக்காத.”

குணமாகிவிட்டதற்காக என் தம்பி என்னிடம் மன்னிப்புக் கேட்டான் ஐயா.

11. அவன் என்னிடம் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இதுவரை எழுதியதில் அதை மறைத்திருந்தேன். டாக்டர் விவரம் கேட்டபோதும், நோய் தொடங்கியதாகப் பிந்திய தேதி ஒன்றைச் சொல்லி மறைத்தேன். 2022 பிப்ரவரியில் முதல் நம்பர் அடித்த மறுநாள் தாயார் எனக்குப் போன் செய்தார். நாலு நாளாகக் கண்ணே மூடவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது, ஈப்போவுக்கு அழைத்துப் போய் டாக்டரிடம் காட்டு என்று கெஞ்சினார். அப்போது தாயாருக்குச் சாமியும் இல்லை, மரியாதையும் இல்லை, பிள்ளை மேல் கவலை மட்டும்தான் இருந்தது. நான், “ஞாயிறு வரைக்கும் விடும்மா, அப்புறம் பாத்துக்கலாம்” என்றேன். பிறகு போனைத் தம்பியிடம் கொடுக்கச் சொல்லி, “இன்னும் ஏதாச்சும் நம்பர் கேக்குதாடா தம்பி?” என்று கேட்டேன். அவன் சொன்னதை எழுதிக்கொண்டு போய் சிலிபின் கடையில் வாங்கினேன். அதுவும் அடித்தது. என் வீட்டுச் சலவை இயந்திரம் அதில் வந்ததுதான். அந்த ஞாயிறு வந்து போய், அவனை டாக்டரிடம் காட்ட எனக்கு இருபத்தொரு மாதம் ஆயிற்று. இந்நோயில் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் திரும்பி வருவதைக் கடினமாக்கும் என்று மிஸ்ஸி சொன்னபோது, நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது:

அ) 20ஆம் தேதித் திருவிழாவிலும் அதன் பின்னரும் தனேஷை அருள்வாக்குக்கு உட்கார வைக்கக்கூடாது என்று கோயில் குழுவுக்குத் தங்கள் அலுவலகத்திலிருந்து எழுத்து மூலம் உத்தரவு போக வேண்டும். நான் சொன்னால் சிரிக்கிறார்கள். முத்திரை வைத்த கடிதத்துக்கு அடங்குவார்கள்.

ஆ) மாத ஊசியை வீட்டுக்கே வந்து போட ஒரு மிஸ்ஸியை ஏற்பாடு செய்து தர வேண்டும். ஊசியை ரோஜாத் தொட்டியில் புதைக்க முடியாது.

இ) தமிழ் பேசும் ஒரு டாக்டரோ மிஸ்ஸியோ 18ஆம் தேதிக்கு முன் ஒரு மாலை அந்தத் தாமானுக்கு வந்து, இது என்ன நோய் என்று எல்லாரையும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். திரு. மாயாண்டி உட்பட அங்கே யாரும் கொலைகாரர்கள் அல்லர். அவர்களிடம் ஒருவரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். நாற்காலிகளை நான் அடுக்கித் தருகிறேன். வீடு வீடாகப் போய் அழைத்தும் வருகிறேன்.

ஈ) அடித்தது குறித்துக் காவல் துறை முறையாக விசாரிக்கத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். அந்த விசாரணையில், அவனிடம் முதன்முதலில் வாய்விட்டு நம்பர் கேட்டது யார் என்ற கேள்வியும் இருக்கட்டும். பதில் சொல்ல நான் வருகிறேன். டாக்டரின் கோப்பில் நான் கொடுத்த தவறான தேதியையும் திருத்திக் கொடுக்கிறேன்.

நோயாளியாக வீட்டுக்கு வந்து, நோயாளியாகவே இருந்து மெல்லக் குணமடைய என் தம்பிக்கு இடம் வாங்கித் தாருங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் பதிலை எதிர்பார்த்து,

(கையொப்பம்)
புனிதா த/பெ வேலாயுதம்
தனேஷின் அக்கா

இடம்: சிலிபின், ஈப்போ
நாள்: 9.7.2025

இணைப்பு: திருவிழா நோட்டீஸ், மருத்துவமனைக் கடிதத்தின் நகல், காவல் நிலையப் புகாரின் நகல், கோயில் சுவரிலிருந்து நான் கிழித்து எடுத்த முறைப் பட்டியல்.