அக்கா வரைந்த நீலப் பனி

அன்புள்ள லூர்து அக்கா,

நீ போன பிறகு ஏழு கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. வருஷம் தவறாமல் வீட்டில் குடில் கட்டி, நீ வரைந்த படத்தைத்தான் பின்னால் நிறுத்துகிறேன். நிறுத்தும்போதெல்லாம் உன்னிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றுகிறது. ஏன் என்று இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கடைசி டிசம்பரில் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாய். டிராயிங் டீச்சரான உனக்குச் சாக்பீஸ் பிடிக்கவே விரல் நடுங்கியது. ஆனாலும் பழைய காலண்டரில் இருந்த வெளிநாட்டு ஓவியத்தைப் பார்த்துப் பார்த்து, பனி விழுந்த கிராமம் ஒன்றைப் பெரிய அட்டையில் வரைந்தாய். கிட்டே போனால் வெறும் தீற்றல். நாலடி தள்ளி நின்றால் கூரை, வேலி, வண்டித்தடம். பனியில் பாதிக்கு மேல் நீலமும் ஊதாவும்.

பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், பனிக்கும் சொட்டு நீலம் போட்டீகளா?" என்று சிரித்தார். எனக்கு மானம் போனது போல இருந்தது.

"வெயிலடிச்சா பனியில நிழல் நீலமாத்தான்டா விழும்" என்றாய்.

"நீ பனியப் பாத்திருக்கியாக்கா?"

"ஏலே, நீ பாத்திருக்கியா?"

மத்தியானம் நீ மாத்திரை போட்டுப் படுத்ததும், மைதாப் பசை காய்ச்சி, நீலம் தெரிந்த இடமெல்லாம் பஞ்சை ஒட்டினேன். உண்மையில் தூங்கினாயா, இல்லை, எல்லாம் தெரிந்துதான் படுத்திருந்தாயா? எழுந்து வந்து செத்த நேரம் பார்த்தாய். "நல்லாத்தான் இருக்கு, அப்பு" என்றாய். திட்டியிருக்கக் கூடாதா அக்கா? பிறகு பிரஷ்ஷைத் தொடவே இல்லை. இரண்டே மாதத்தில், தவக்காலத்துக்கு முன்பே போய்விட்டாய்.

என் மகள் ஸ்டெல்லா, உன் செல்ல மருமகள், இப்போது வெளிநாட்டில் நர்ஸ். போன வாரம் ஈமெயிலில் ஒரு போட்டோ அனுப்பினாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரௌசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்தேன். அவள் ஹாஸ்டல் வாசலில் பனி. அதன்மேல் மர நிழல் விழுந்து கிடக்கிறது அக்கா, அப்பட்டமான நீலம்.

வீட்டுக்கு வந்து பஞ்சைப் பிய்த்தேன். பசையோடு உன் பெயின்டும் உரிந்து வந்தது. ஒரு கூரையும் உள்ளங்கையளவு நீலமும்தான் மிச்சம். அட்டையைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை போல அழுதேன்.

இந்த வருஷம் அது உரிந்தபடியேதான் குடிலில் நிற்கும். பஞ்சு வைக்க மாட்டேன். பார்க்க வருகிறவர்கள் கேட்காவிட்டாலும் நானே சொல்வேன்: "எங்க அக்கா சரியாத்தான் வரஞ்சா. நாந்தான் கெடுத்தேன்."

உயிரோடு இருக்கையில் உன்னை நம்பாத உன் தம்பி,
ஆரோக்கியம்